ரெண்டு மு

ஒரு ஊர்ல ஒரு ஃப்ரீசர் இருந்துச்சாம், அதுக்கு வாய மூடவே தெரியாதாம்... இப்படித்தாண்ணே இந்தக் கதைய நான் எல்லார்கிட்டயும் ஆரம்பிப்பேன். நீங்க என்னடான்னா வந்ததும் கதவத் தட்டிப் பாத்து, ஓரத்து ரப்பரத் தடவிப் பாத்து, ‘இதுக்கா கூப்பிட்டீங்க’ன்ற மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க. இன்னொரு தரம் நல்லாப் பாருங்கண்ணே. மெக்கானிக்கையும் கூப்பிட்டு, ரிப்பேரும் இல்லன்னா எனக்குக் கேவலம்ல.

குளிர் அளக்குற அந்த வயர உள்ள விட்டு எவ்ளோ நேரம் வைக்கணும்? இருபது நிமிஷமா. வைங்க, வைங்க. ஆனா மூணு மணிக்குள்ள உங்க ரிப்போர்ட் என் கைக்கு வரணும். மேல அஞ்சாவது மாடியில, புரொபசர் ரூம்ல, மூணு மணிக்கு ஒரு விசாரணை.

என் மேல இல்லண்ணே. இந்த ஃப்ரீசர் சாவி வச்சிருக்காங்களே, ஸ்டோர் அக்கா, அவங்க மேல. நான்தான் எழுதிக் குடுத்தேன். ‘கவனக்குறைவு’ன்னு எழுதினேன். அந்த வார்த்தைய எழுதிட்டு ரெண்டு தரம் படிச்சுப் பாத்து, நமக்கும் நல்லா எழுத வருதேன்னு சந்தோஷம் வேற. அக்காவுக்கு இந்த மாசத்தோட வேலை முடியுது. நீட்டிப்பாங்களா, அனுப்பிடுவாங்களான்னு இன்னைக்குத் தெரிஞ்சிடும். இவ்ளோ நாள் என்னைய ‘டாக்டரம்மா’ன்னு கூப்பிடுவாங்க. நான் இன்னும் பட்டமே வாங்கல, இருந்தாலும் காதுக்கு எதமா இருக்கும். கடிதாசி போனதுலேர்ந்து ‘மேடம்’. ஒரு ‘மேடம்’ல எவ்ளோ குளிர் வைக்க முடியுதுங்கிறீங்க, இந்த ஃப்ரீசர் தோத்துடும்.

விஷயம் என்னன்னா... உங்களுக்கு இதெல்லாம் போரடிக்கும். அடிக்காதா? அப்ப கேளுங்க. ஒரு செல்லு ரெண்டாப் பிரியும்ல, அதுக்கு முன்னாடி உள்ள ஒரு புரதம் சேந்துக்கிட்டே வரும். கல்யாண வீட்டுல மொத நாள் சொந்தக்காரங்க வந்து சேர்ற மாதிரி. பிரிஞ்சு முடிஞ்சதும் காணாமப் போயிடும். அதுவும் சொந்தக்காரங்க மாதிரிதான். அது இருக்கா இல்லையான்னு கண்ணால பாக்க முடியாது. அதுக்கு ஒரு ஆன்டிபாடி இருக்கு, முயல்ல செஞ்சது. அது போயி கரெக்டா அந்தப் புரதத்த மட்டும் புடிச்சுக்கும். அது முதல் ஆன்டிபாடி. அப்புறம் ரெண்டாவதா ஒண்ணு ஊத்துவோம். அதுக்குப் புரதத்தப் பத்தியெல்லாம் ஒண்ணும் தெரியாது, முயல்ல செஞ்சது எதுவா இருந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கும். ஒட்டின எடம் மினுங்கும். அந்த மினுக்கம் ஃபிலிம்ல கறுப்பா ஒரு கோடா விழும். அந்தக் கோடுதாண்ணே என் படிப்பு, என் பட்டம், என் மானம் எல்லாமே.

பதினாலு வாரமாக் கோடு வரல.

கூடவே சரிபாக்க எலியில செஞ்ச ஒண்ணு போடுவோம், அது வேற புரதத்துக்கு. அது மட்டும் ஒவ்வொரு தரமும் மை தீட்டின மாதிரி பளிச்சுன்னு வருது. அப்ப என் கையில குத்தம் இல்லன்னுதான அர்த்தம்? இத நான் எத்தன பேர்கிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கேன். ‘என் கையில குத்தம் இல்ல.’ கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துருக்கேன்.

எங்கம்மா வேற தெனம் ஃபோன்ல, ‘என்னடி, இன்னைக்காவது கோடு வந்துச்சா’ம்பாங்க. நான், ‘இல்லம்மா, வரல’ன்னு அழுவேன். இத எங்க சின்னத்தை ஒரு நாள் கேட்டுட்டாங்க. அவ்ளோதான். எனக்கு இன்னும் புள்ள தங்கலன்னு சொந்தக்காரங்க பூரா சொல்லியாச்சு. எங்க வீட்டுக்காரர ஒரு சித்தப்பா தனியாக் கூப்பிட்டு ஏதோ லேகியம் குடுத்துருக்கார். அவரு பாவம், எதுக்குன்னே தெரியாம பதினஞ்சு நாள் சாப்பிட்டாரு.

சிரிங்க. நான் மொத நாள் அழுதேன், ரெண்டாம் நாள் நானும் சிரிச்சுட்டேன்.

அதனால ஆன்டிபாடி கெட்டுப்போச்சு. ஏன் கெட்டுப்போச்சு? ஃப்ரீசர் குளிர் போயிருக்கணும். ஏன் போச்சு? சரியா அந்தப் பதினாலு வாரத்துக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழம, அக்கா இதத் தொறந்து வச்சு ஐஸ் சொரண்டியிருக்காங்க. அன்னைக்குப் பூரா பெட்டியெல்லாம் வேற ஃப்ரீசர்லதான் வச்சிருந்தேன்னு அக்கா சொல்றாங்க. சொல்வாங்கல்ல. நான்தான் துப்பறிஞ்சு கண்டுபுடிச்சேன், தேதியோட. இவ்ளோ மூளைய ஆராய்ச்சியில போட்டிருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன்.

என்ன, பின்பக்கத் தகடப் பாக்கணுமா? பெட்டியெல்லாம் எடுக்கணும்... இருங்க, ஐஸ் கொண்டாந்துருக்கேன். இதுமேல வைங்க. மெதுவா. அந்த நீலப் பெட்டி என்னோடது, அத மட்டும் சாய்க்காதீங்க.

அதுங்களா? ஆமா, இத்துனூண்டு டப்பி. பெரிய டப்பியில வர்றத இதுல பிரிச்சுப் பிரிச்சு வச்சுக்குவோம். ஒரு தடவைக்கு ஒரு டப்பி. மூடி சட்டை பட்டன் அளவுதான், முழுசா எழுத எடமில்ல, அதனால ஒத்த எழுத்து. ‘எ’ன்னா எலி. ‘மு’ன்னா முதல். ஆமா, முதல் ஆன்டிபாடி.

பின்னாடி வரிசையா... அதுவும் ‘மு’தான். அது முயல். முயல் மேல ஒட்டுற ரெண்டாவது ஆன்டிபாடி. பழசு தீந்துபோயி புதுசு வந்துச்சு, முயலுக்கு ஒண்ணு எலிக்கு ஒண்ணுன்னு, அதனால மு, எ. சரிபாக்கப் போடுறது பெரிய டப்பியிலயே இருக்கு, அதுக்கு எழுத்து வேணாம். குழப்பம்லாம் இல்லண்ணே, எனக்குத் தெரியும். முன்னாடி இருக்கிறது...

முன்னாடி வரிசையில ஏன் மூணுதான் இருக்குன்னா, மீதியெல்லாம் செலவாயிடுச்சு. பின்னாடி வரிசை ஏன் நெறஞ்சு...

இருங்க.

இருங்கண்ணே. கொஞ்சம் பேசாதீங்க. சரி, நீங்க பேசவேயில்ல, நான்தான் பேசுறேன்.

புதுசு வந்துச்சு. பதினாலு வாரம் இருக்கும். பிரிச்சு வச்சேன். முன்னாடிதான் எடம் இருந்துச்சு, முன்னாடி வச்சேன். அப்ப முன்னாடி இருக்கிறது முயல். முதல் எல்லாம் பின்னாடி. காலையில வருவேன். கைய விடுவேன், ‘மு’, சரி, முதல். ஊத்துவேன். சாயங்காலம் வருவேன். அதே வரிசையில கைய விடுவேன், ‘மு’, சரி, முயல். ஊத்துவேன். காலையில அது முதலு, சாயங்காலம் அது முயலு. பதினாலு வாரமா ரெண்டாவதையே ரெண்டு தரம் ஊத்தியிருக்கேண்ணே. முதல்னு ஒண்ண நான் ஊத்தவேயில்ல. வர்றதுக்கு ஆளே இல்லாம வாசல்ல வரவேற்க மட்டும் ஆள நிறுத்தியிருக்கேன். அதுவும் ரெண்டு பேர.

அந்தச் செவுத்துல ஒட்டியிருக்கு பாருங்க, ‘மூடியில் தெளிவாக எழுதவும்’னு. அது யாரு ஒட்டினதுன்னு கேக்காதீங்க. சிவப்பு மையில அடிக்கோடு போட்டதும் அதே ஆள்தான்.

ஃப்ரீசர் எவ்ளோ காட்டுது? மைனஸ் இருபது. அசையலையா. அது ஏன் அசையப் போவுது.

அண்ணே... ஒண்ணு சொல்லட்டுமா. இது நமக்கு ரெண்டு பேருக்கும்தான் தெரியும். ஈரத் துணியால தொடச்சா மூடியில இருக்கிற இந்த மை போயிடும். நீங்க ரப்பர் மாத்தினேன்னு ஒரு வரி எழுதினீங்கன்னா, அடுத்த வாரம் தானா கோடு வந்துடும். ஃப்ரீசர் சரியாச்சு, கோடு வந்துச்சு. கேக்குறதுக்கு எவ்ளோ அழகா இருக்கு. அக்காவையும் பாவம் மன்னிச்சு விட்டுடுங்கன்னு நானே சொல்லி, நல்ல பேரும்...

அப்படிப் பாக்காதீங்க. சும்மா சொல்லிப் பாத்தேன். வாய விட்டு வெளிய வந்தப்புறம் எனக்கே நாறுது.

எழுதிட்டீங்களா? குடுங்க. ‘இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது. பழுது இல்லை.’ அவ்ளோதானா. கீழ குறிப்புன்னு எடம் காலியா இருக்கே. அங்க நான் எழுதிக்கிறேன், பேனா குடுங்க. ‘பழுது, புகார் கொடுத்தவரிடம் உள்ளது.’ கையெழுத்து. இந்தக் கவனக்குறைவுன்ற வார்த்தைய எழுதும்போது இருந்த அழகு இதுல இல்ல, பரவால்ல.

மணி என்ன? ரெண்டு அம்பதா. நீங்களும் மேல வர்றீங்களாண்ணே, ஒரு ரெண்டு நிமிஷம்? பேச வேணாம், சும்மா பக்கத்துல நின்னா போதும். வேற எடத்துக்குப் போகணுமா. ஆமா, உண்மையிலேயே கெட்டுப்போன ஃப்ரீசர் எங்கயாவது இருக்கும்ல. போயிட்டு வாங்க. பாத்து, பையில ஸ்பேனர் நீட்டிட்டிருக்கு.

லிஃப்ட் கீழதான் போவுது. நீங்க போங்க, நான் படியில ஏறிக்கிறேன்.

போயிட்டாரு. சரி. என்னன்னு ஆரம்பிக்கிறது... ‘சார், ஒரு நிமிஷம், அக்காவக் கொஞ்சம் வெளிய உக்காரச் சொல்லுங்க, நான் தனியா...’

இல்ல. அக்கா உள்ளயே இருக்கட்டும். அவங்க இருக்கும்போதுதான் சொல்லணும்.