சந்தனம் பூசிய சென்சார்

உங்கள் ஸ்டேஷன் பிரிண்டர் காகிதத்தைக் கோணலாக இழுக்கிறது, அய்யா. வாக்குமூலம் முடிந்ததும் பார்த்துத் தருகிறேன். கூப்பிடாத இடத்துக்கு நான் போவதில்லை. இங்கே நீங்களே ஜீப் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

என் பெயர் இசக்கிமுருகன். கோவில்பட்டியில் செல்போன் பழுது பார்க்கும் கடை. கழுகுமலை ரோட்டில் பூவனநாதன் அண்ணாச்சியின் தீப்பெட்டி செய்யும் ஆபீஸில் அந்தச் சின்னக் கம்ப்யூட்டரை வைத்தவன் நான்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை. அதை இயக்க லினக்ஸ், தகவல் அனுப்ப ஒரு சிம் கார்டு, சூடு பார்க்க ஒரு சென்சார். மழை மாதத்தில் மருந்தில் முக்கியெடுத்த குச்சி லேசில் காயாது. ஓர் அறையை அடைத்துச் சூட்டுக்காற்று விடுவார்கள். சூடு எல்லை தாண்டினால் பெட்டி சங்கு ஊதும். அண்ணாச்சி போனுக்கும் தகவல் போகும்.

லினக்ஸ் ஏற்றுவது சுலபம். சிம் கார்டு போடும் மோடம்தான் படுத்தியது. செருகியதும் தன்னைப் பென்டிரைவ் என்று சாதித்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, பக்குவமாகப் பேசி, தான் மோடம்தான் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். உங்களுக்கு அந்தச் சிரமத்தை நான் தரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சென்சார் கெட்டால் அந்தத் தகவல் மட்டும் என் போனுக்கு வரும். அண்ணாச்சிக்கு அனுப்பி என்ன பயன்? அவருக்குச் சென்சார் என்றால் சினிமாவை வெட்டுகிறவர்கள்.

ஆயுத பூஜையன்று பூஜைப் பொரி வாங்க ஆபீஸுக்குப் போனேன். எல்லார் முன்னாலும் அண்ணாச்சி ஆரம்பித்தார்.

“ஏலே இசக்கி, ஒம் பெட்டி வாரத்துக்கு நாலு வாட்டி கத்துது. கத்துனதும் பொம்பளையாளுவ வேலையப் போட்டுட்டு வேப்பமரத்தடில போயி உக்காந்துக்கிடுதாளுவ. நான் கம்ப்யூட்டர் வச்சனா, யூனியன் லீடர வச்சனா? இனி நான் கூப்பிடாம இங்கன காலு வைக்காத.”

சிரித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. நல்ல நகைச்சுவைதான்.

சிரிக்காதவர் சீனித்தாய் அக்கா ஒருவர்தான். குச்சி செருகிய சட்டங்களை அந்தச் சூட்டு அறைக்குள் அடுக்குகிறவர். கிண்ணத்தோடு வந்து, சென்சாரின் சல்லடைக் கண் தெரியாதபடி சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார்.

“எங்க உசிரக் காக்குற சாமில்லா, தம்பி.”

நகத்தால் சுரண்டினால் போயிருக்கும். நல்ல நாளில் சாமியைச் சுரண்டலாமா? மறுநாள் சுரண்டலாம், ஆனால் கூப்பிடாமல் வராதே என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். பெரியவர்கள் சொல்லை மீறி எனக்குப் பழக்கமில்லை.

அன்று மாலையே என் போனுக்குத் தகவல் வந்தது: சென்சார் பதில் தரவில்லை. அதன் பிறகு மணிக்கு ஒன்று. நான்காம் நாள் பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சி எதிர்ப்பட்டார்.

“இப்பத்தாம்ல ஒம் பெட்டி மரியாதையா இருக்கு.”

“சந்தோசம் அண்ணாச்சி” என்றேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மாலையில் சீனித்தாய் அக்கா போன் செய்தார்.

“தம்பி, அந்த ரூம்புக் கதவத் தொட்டா கை பொறுக்கல. ஒம் பெட்டி கத்தலியே. உள்ள போவலாமாய்யா?”

பெட்டி குருடாகிப் பதினொரு நாள் ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். சொன்னால் அக்கா அண்ணாச்சியிடம் சொல்வார்; அவர் பெட்டியைப் பிடுங்கிக் குப்பையில் போடுவார். ஒரு தடவையாவது சுட்டால்தானே அது கத்தியதன் அருமை தெரியும்? ஓர் உயிர் போக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டு சட்டம் கருகினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

“பெட்டி கத்தலேன்னா பயமில்லக்கா, தைரியமாப் போங்க” என்றேன்.

இருபது நிமிஷத்தில் புகை என் கடை வாசலிலிருந்தே தெரிந்தது. அக்காவை அடையாளம் காட்ட அவர் மகள் வந்தபோது, கால் கொலுசு மட்டும்தான் இருந்ததாகச் சொன்னார்கள்.

பெட்டி மேல் பழி போட்டுவிடாதீர்கள், அய்யா. அது பதினொரு நாளில் இருநூற்று அறுபத்து நான்கு தடவை என்னிடம் சொல்லிவிட்டது. அக்கா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.