வளைவு வருது, புடிச்சுக்கோ

இரவு இரண்டு மணி பத்து நிமிடம். மலைச்சாலை. நல்ல மழை. வண்டிக்குள் இரண்டு பேர்... அதில் ஒருவருக்கு உயிர் இல்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சத்தம் போட்டுச் சொல்கிற விஷயம் இல்லை இது. நம் எலக்ட்ரீஷியனின் மச்சானுக்கு நடந்தது. ஆஸ்பத்திரியில் பிண வண்டி ஓட்டுகிறார். மனிதருக்குக் கதை கட்டத் தெரியாது. கதை கட்டவேண்டுமானால் முதலில் வாயைத் திறக்கவேண்டுமே. "வீட்டுல தண்ணி வேணும்னாகூட சொம்பைத்தான் காட்டுவாரு" என்பாள் அவர் மனைவி. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம்.

அன்று பின்னால் கிடந்தவர் ஒரு வயதான வாட்ச்மேன். சொந்தம் என்று மலைக்கு மேல் ஒரு தம்பி மட்டும். அந்தத் தம்பியைத் தேடிப் பிடிக்க மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் குளிர்பெட்டியில் இருந்த உடம்பு கட்டையாக விறைத்துப்போயிருந்தது. கைகளை மார்பில் மடித்துத் துணியால் கட்டியிருந்தார்கள். கூட வரவேண்டிய உதவியாள் வயிற்றுவலி என்று கழன்றுகொண்டான். மச்சான் இரண்டு நாளாகக் கண்ணை மூடவில்லை. இருந்தாலும் உடம்பை மலைமேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கிளம்பிவிட்டார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அதற்கு எட்டு நாள் முன்பு, இதே சாலையில் ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுபோனார். ஐந்து வயது இருக்கும். தாய் முன்சீட்டில், அவருக்குப் பக்கத்தில். அழவில்லை, பேசவில்லை. ஸ்ட்ரெச்சரின் பெல்ட் பெரியவர்களுக்கானது, குழந்தைக்கு இறுகவில்லை. முதல் வளைவில் பின்னாலிருந்து ஒரு சத்தம்... டொக். தாயின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது.

"அவளுக்கு இருட்டுன்னா பயம்ங்க" என்றாள். அவ்வளவுதான்.

வண்டிக்குள் பின்பக்க விளக்கை ஓடும்போது போடக்கூடாது, முன்கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கும். மச்சான் போட்டார். அடுத்த வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார். பிறகு, வாயே திறக்காத அந்த மனிதர், பின்பக்கம் தலையைத் திருப்பிச் சொன்னார்:

"பாப்பா... வளைவு வருது. புடிச்சுக்கோ."

ஒவ்வொரு வளைவிலும் சொன்னார். அப்புறம் சத்தம் வரவே இல்லை. நாலாவது வளைவில் அந்தத் தாய் அழத் தொடங்கினாள். இறங்கும்போது அவர் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனாள். மச்சான் அப்போது இதை யாரிடமும் சொல்லவில்லை, மறந்தும் போனார்.

சரி, மழைக்கு வருவோம்.

வைப்பர் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. சரக்... சரக்... வண்டிக்குள் மருந்து நெடி. அவருடைய இமை இறங்கியது. நிமிர்ந்தார். மறுபடி இறங்கியது.

அப்போது மருந்து நெடிக்கு நடுவே வேறொரு வாசனை. குழந்தைக்குப் போடும் பவுடர்.

மூடிய இமைக்குள் வெளிச்சம் தெரிந்தது. கண்ணைத் திறந்தால், முன்கண்ணாடியில் சாலை இல்லை, அவர் முகம்தான் தெரிகிறது. பின்பக்க விளக்கு எரிகிறது. சுவிட்ச் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில்... அவர் தொடவில்லை.

பிடரிக்கு மிக அருகே, தூக்கக் கலக்கமான சின்னக் குரல்.

"மாமா... வளைவு வருது. புடிச்சுக்கோங்க."

பிரேக்கை மிதித்தார். வண்டி வழுக்கி, குலுங்கி, நின்றது. முன்னால் வளைவு பாதிதான் இருந்தது. மீதி மண்ணோடு சரிந்துபோயிருந்தது. கற்கள் விழுகிற சத்தம் கேட்டது, வெகுநேரம் கேட்டது. அடியில் போய் மோதிய சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

தப்பித்தோம் என்று மூச்சுவிட முடியவில்லை. வண்டியைப் பின்னால் எடுக்கவேண்டும். அதற்கு நடுத்தடுப்பின் கண்ணாடி வழியாகப் பின்புறம் பார்த்துத்தான் ஆகவேண்டும். வீட்டில் இருப்பவளை நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

போர்த்திய உடம்பு. பக்கத்தில் உதவியாள் உட்காரும் பெஞ்ச். பெஞ்ச் காலி. நல்ல வெளிச்சத்தில், காலி.

பெஞ்சைப் பார்த்துக்கொண்டே பின்னால் எடுத்தார். கிளைச்சாலை வரை வந்து, மேலே போகும் பழைய பாதையில் திருப்பினார். அதில் பதினோரு வளைவு. பதினோரு தடவையும் அந்தக் குரல் வந்தது, வளைவு அவர் கண்ணுக்குத் தெரியும் முன்பே. பயத்தில் கண்ணீரே வந்துவிட்டது என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆறாவது வளைவில் எப்படியோ சொன்னார்:

"சரி பாப்பா."

மேலே ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் பின்பக்க விளக்கு தானாக அணைந்தது. அங்கே பிணவறை ஆள் குடையோடு வந்து பின்கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

"ஏங்க... இவரு கைக்கட்ட எதுக்கு அவுத்தீங்க?"

"நான் தொடவே இல்லைங்க."

துணிக்கட்டு முடிச்சு அவிழாமல் தரையில் கிடந்தது. கிழவரின் வலது கை ஸ்ட்ரெச்சரின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தது. சும்மா படவில்லை, பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க இரண்டு பேருக்கு அரைமணி நேரம் ஆனது.

இடது கை பெஞ்சுக்கு மேலே, குறுக்காக நீண்டிருந்தது. பக்கத்தில் குழந்தை உட்கார்ந்திருந்தால், வண்டி திரும்பும்போது நாம் கையைக் குறுக்கே வைப்போமே... அப்படி.

அந்தக் கையை யாராலும் மடக்க முடியவில்லை. தம்பிக்காரர் கடைசியில் பெட்டியை அந்தப் பக்கம் மட்டும் ஒரு முழம் அகலமாக அடிக்கச் சொன்னார்.