கப்போர்டுக்குள் பெருக்க மரம்

எண்பதுகளின் பிற்பகுதி. தென்கோள நாட்டின் ஜூலை மாதக் குளிரில் ஒரு மாலை, பாபகூரா போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் மன்னார்க்காரர், மற்றவர் மதுரைப் பக்கம்.

“மரத்தை ஹாட் வாட்டர் கப்போர்டுக்குள்ள வச்சிருக்கிறன்” என்றார் மன்னார்க்காரர்.

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“மரத்தையா? சுடுதண்ணி டாங்க் பக்கத்துலயா?”

“ஓம், பெருக்க மரக் கண்டு. ஆப்பிரிக்கா மரம், ஆனா மன்னாரிலயும் நிக்குது. என்னோட வேலை செய்யிற ஸிம்பாப்வேக்காரர் சட்டியோட தந்தவர். அதுக்குக் குளிர் ஒத்துவராது.”

“அதை வளத்து என்ன பண்ணப் போறீங்க?”

“பழத்துக்குள்ள இருக்கிற மாவைக் கரைச்சுக் குடிச்சா வயித்தோட்டம் நிண்டுடும்.”

“எப்ப காய்க்கும்?”

“இருபது வருஷமாவது செல்லும்.”

“அதுவரைக்கும் வயித்தால போனா?”

“கெமிஸ்டிட்டப் போவன்.”

இருவரும் சிரித்ததில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

“போன கிழமை இலையெல்லாம் கொட்டிட்டுது. செத்துப்போச்சு எண்டு இவர் எறியப் போனார். நான் நகத்தால சுரண்டிப் பாத்தன். உள்ளுக்குப் பச்சை!”

மதுரைக்காரர் கொஞ்சம் தயங்கினார். “போன மாசம் இந்தக் குளிர்ல இருக்க முடியாது, மெட்ராஸ்ல தங்கச்சிகிட்டயே போயிடுறேன்னு அழுதீங்களே?”

“ஓம், டிக்கெட்டும் விசாரிச்சனான். இப்ப எப்பிடிப் போறது? இவரை நம்பி விட்டா, தண்ணியை ஊத்தி ஊத்தி வேரை அழுகப் பண்ணிப்போடுவார்.”