ஒரே பாறையில் இரண்டு அம்புகள்

அவைத் தலைமையை அழகு செய்யும் பல் மருத்துவர் அம்மா அவர்களே, மலைக்கு மறுபுறத்திலிருந்து மனம் நிறைய வந்திருக்கும் வெல்டிங் பட்டறை அண்ணன் அவர்களே, முழங்கால் வலியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்த பெரியோர்களே, இடுப்பில் குழந்தையும் இதழில் சிரிப்புமாய் வந்த தாய்மார்களே, காலணிச் சேற்றை இந்த மண்டபத் தரைக்குப் பரிசளித்த நடைக்குழுத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த மருந்துக்கடைக்காரியின் மகிழ்ச்சி ததும்பும் வணக்கம்.

இன்று காலை, நாடு முழுவதற்குமான நடைவழிப் பேரவை பிறந்துவிட்டது. மலைப் பாதைக்கும் மரநிழல் பாதைக்கும், கரையோர வழிக்கும் மிதிவண்டி வழிக்கும் இனி ஒரு வீடு உண்டு, ஒரு குரல் உண்டு. சும்மா நடப்பதற்கு ஒரு பேரவையா என்று கேட்கிறார்கள். அதோ, பின்வரிசையில் ஒருவர் தலையாட்டுகிறார். ஐயா, உங்களுக்காகத்தான் இந்தக் கதை.

என் வீட்டுக்காரர் பேருந்து நடத்துநர். ஊரையே இறங்கவேண்டிய இடத்தில் இறக்கிவிட்டு ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கு நல்லது என்று அவரை மலைப் பாதைக்கு அனுப்பியதும் நான்தான். "மதியச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்" என்று சொல்லிப் போனவர் வரவில்லை. சோறு ஆறியது. போனை எடுக்கவில்லை. மருந்துக்கடையில் நிற்கிறவளுக்குத் தெரியாதா, சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்று? கடையை அப்படியே போட்டுவிட்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். எங்கள் பக்கத்துப் பாதையைப் பராமரிப்பது அவருடைய குழு. வாயைத் திறந்து கிடந்த நோயாளியிடம், "கொஞ்சம் மூடிக்கங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். அன்று நான் அழுதுகொண்டே ஏறினேன்.

மேலே என்ன நடந்திருந்தது தெரியுமா? எங்கள் குழுவின் வெள்ளை அம்புகள் எங்கள் ஊரைக் காட்டும். மறுபக்கத்துக் குழுவின் மஞ்சள் அம்புகள் அவர்கள் ஊரைக் காட்டும். இவர்களை அவர்களுக்குத் தெரியாது, அவர்களை இவர்களுக்குத் தெரியாது. எவனோ வேலையற்றவன் நம் அம்பை அழிக்கிறான் என்று இவர்கள் மஞ்சள்மேல் வெள்ளை அடிக்க, அவர்கள் வெள்ளைமேல் மஞ்சள் அடிக்க, நடுவில் மாட்டினார் என் மனிதர். வெள்ளையை நம்பி இறங்குவார். பாதி வழியில் மஞ்சள், "திரும்பு, மேலே போ" என்னும். மேலே போவார். அங்கே வெள்ளை, "கீழே போ" என்னும். பேருந்தே இல்லாமல் நாள் முழுக்க ட்ரிப் அடித்திருக்கிறார் நடத்துநர்.

உச்சிப் பாறையில் அவரைக் கண்டோம். வியர்வையில் சட்டை நனைந்து, சர்க்கரை இறங்கிச் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர், மஞ்சள் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, பிஸ்கட்டை உடைத்து உடைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் நம் வெல்டிங் அண்ணன்.

டாக்டரம்மா டப்பாவைப் பார்த்தார். "அந்த மஞ்சள் நீங்கதானா?"

"அப்ப அந்த வெள்ளை நீங்கதானா?"

பிறகு மலையே அதிர்ந்தது. மேடையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் கவனியுங்கள். பிஸ்கட்டை மென்றபடி என் வீட்டுக்காரர் சொன்னார்: "நீங்க நிதானமா சண்டை போடுங்க. எந்த அம்புல போனா எங்க வீடு வரும்னு மட்டும் சொல்லிடுங்க."

முதலில் சிரித்தது டாக்டரம்மா. சிரிப்பு அடங்கியதும் அண்ணன் கேட்டார்: "உங்ககிட்ட மரம் அறுக்கற மெஷின் இருக்கா?"

"இல்ல. ஆள் நிறைய இருக்காங்க."

"எங்ககிட்ட மெஷின் இருக்கு. ஆள்தான் இல்ல."

அவையோரே, பேரவை பிறந்தது அந்தப் பாறையில்தான். அதன்பின் இருவரும் ஊர் ஊராகத் தேடினார்கள். கடற்கரையில் ஒரு குழு, நிலத்துக்காரர் வேலி போட்டுப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றது, பேச ஆளில்லாமல். ஆற்றங்கரையில் ஒரு குழு, வெள்ளம் கொண்டுபோன மரப்பாலத்தைப் பார்த்து நின்றது, பலகை இல்லாமல். எல்லோரும் உழைத்தார்கள். எல்லோரும் தாங்கள் மட்டுமே என்று நினைத்தார்கள். இன்று அத்தனை பேரும் ஒரே கூரைக்குக்கீழ். அம்புக்கு என்ன நிறம் என்று காலை முழுவதும் மல்லுக்கட்டி, மஞ்சளும் தோற்று வெள்ளையும் தோற்று, நீலம் வென்ற கூத்தை நீங்களே பார்த்தீர்கள்.

பந்தடிப்பவருக்கு மைதானம் உண்டு. நீந்துபவருக்குக் குளம் உண்டு. காசும் கருவியும் இல்லாமல் காலை மட்டும் நம்பி வருபவருக்கு என்ன உண்டு? பாதை உண்டு. அந்தப் பாதைக்கு யார் உண்டு? நாம் உண்டு. முள் மூடினால் வெட்ட நாம் உண்டு, கதவு மூடினால் தட்ட நாம் உண்டு, வழி தவறியவரை வீட்டில் சேர்க்க நாம் உண்டு.

மண்டபத்தின் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். பேரவையின் முதல் பாதை அங்கே தொடங்குகிறது, சக்கர நாற்காலியும் குழந்தைத் தள்ளுவண்டியும் ஜோடியாகப் போகும் அகலத்தில். இவ்வளவு நேரம் பொறுமை காத்த உங்கள் காதுகளுக்கு நன்றி. இனி கால்களின் முறை. வணக்கம் சொல்லி இறங்குகிறேன். படிக்கட்டில் முதலில் யார் எதிர்ப்படுகிறாரோ, அவரோடுதான் நடக்கப்போகிறேன்.