கேட்காதீர்கள் என்று சொன்னவன்

ஓடுகிறோம். தேயிலைக்குள் குனிந்து ஓடுகிறோம். செடி இடுப்புக்கு மேல் இல்லை. நிமிர்ந்தால் தலை தெரியும். பின்னால் லயம் எரிகிறது. கூரைத் தகரம் சூட்டில் வெடிக்கிறது. படார். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. மறுபடி படார். நான் எண்ணிக்கொண்டே ஓடுகிறேன். ஒன்பது வரை எண்ணினேன்.

1983 ஜூலை. புதன்கிழமை. பகல் மூன்று மணி இருக்கும். இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லயம் என்பது நாங்கள் குடியிருந்த வரிசை வீடு. பன்னிரண்டு அறை. பன்னிரண்டு குடும்பம். எனக்கு நாற்பத்தொரு வயது. மனைவி இறந்து நாலு வருஷம். அண்ணனோடு இருந்தேன். அண்ணனுக்கு ஒரு கால் விளங்காது. "நீ போடா, நான் மெல்ல வாரேன்" என்றார். நான் போனேன்.

கீழே ரோட்டில் ஒரு லாரி நிற்கிறது. கொழுந்து மூட்டை ஏற்றுகிற லாரி. ஓட்டுபவர் சிங்களவர். எங்களுக்காக வண்டியை நிறுத்தியவர் அவர் ஒருவர்தான். அதையும் எழுதி வைக்க வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் முன்பக்கம், தார்ப்பாய்க்குள். நான் கடைசியில், பின்பலகைக்குப் பக்கத்தில்.

லாரி நகர்கிறது. முத்தம்மா ஓடி வருகிறாள். எங்கள் லயத்தில் நாலாவது அறைக்காரி. இடுப்பில் மகன். நாலு வயது. கையைப் பிடித்தபடி மகள் தவமணி. ஏழு வயது. முதலில் மகளைத் தூக்கி நீட்டினாள். நான் வாங்கி உள்ளே விட்டேன். அடுத்து மகனைத் தூக்கினாள்.

பின்னால் வளைவில் கூச்சல். போத்தல் உடைகிற சத்தம். கல் ஒன்று லாரித் தகரத்தில் விழுந்தது. டங். ஓட்டுபவர் கத்துகிறார்.

"சங்கிலி போடு! சங்கிலி போடு!"

நான் பின்பலகையை உயர்த்தினேன். சங்கிலியைக் கொக்கியில் மாட்டினேன். பலகை அந்தப் பையனின் முகத்துக்கு முன்னால் எழுந்தது. அவன் கை நீட்டியிருந்தான்.

வண்டி இன்னும் வேகம் பிடிக்கவில்லை. ஏற்றம். முதல் கியர். அவள் இன்னும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் ஓடினாள். உள்ளே இடம் இருந்தது. என் காலடியில் இருந்தது. இரண்டு பேர் நிற்கலாம். நான் பலமுறை மனதில் அளந்து பார்த்துவிட்டேன். நிற்கலாம்.

முத்தம்மா ஓடுவதை நிறுத்தினாள். என்னைத் திட்டவில்லை. மகளைப் பார்த்துக் கத்தினாள்.

"தவமணி! பசறைக்குப் போறோம்! பெரியம்மா வீட்டுக்கு! பசறை!"

பிறகு மகனைத் தூக்கிக்கொண்டு ரோட்டை விட்டுப் பள்ளத்தில் இறங்கினாள். செடி அசைந்தது. அதற்கு மேல் தெரியவில்லை.

அவள் கத்தியது இரண்டு பேருக்குத்தான் கேட்டது. தவமணிக்கும் எனக்கும்.

தார்ப்பாய்க்குள்ளிருந்து ராசம்மா தவழ்ந்து வந்தாள். அவளும் எங்கள் லயம்தான். பிள்ளையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏண்ணே, இவ அம்மா எங்க?"

"தெரியல" என்றேன்.

தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பாள். எப்படி என்றால் சங்கிலியைச் சொல்ல வேண்டும். அதனால் தெரியல என்றேன். பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே எனக்கு வேலை ஆயிற்று.

பிள்ளை பேசவில்லை. ஏழு மாதம் பேசவில்லை. வவுனியாவில் பேசவில்லை. மன்னார்க் கரையில் படகு ஏறும்போது பேசவில்லை. இந்தியக் கரையில், மண்டபம் முகாமில் பேர் எழுதினார்கள். ராசம்மா, "தாயும் இல்ல, தம்பியும் இல்ல, என்கூடதான் இருக்கா" என்று சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். நான் அதே வரிசையில் ஆறாவது ஆளாக நின்றேன். எனக்குக் கேட்டது. பிறகு பிள்ளை பேசத் தொடங்கியபோதும் அம்மாவைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

1984 நடுவில் எங்களைச் சங்கரன்கோவிலுக்கு அனுப்பினார்கள். ஊரை ஒட்டிப் பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஒன்று மூடிக்கிடந்தது. அதில் முகாம். சேலையை மறைப்பாகக் கட்டிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டோம். மற்ற ஆண்கள் கூலி வேலைக்குப் போனார்கள். எனக்கு ஆட்களோடு பேசி வேலை கேட்க வராது. அதனால் முகாம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். வழியில் ரயில் தண்டவாளம் உண்டு. பத்தொன்பது பிள்ளைகள். காலையில் எண்ணிக் கூட்டிப் போவேன். சாயந்திரம் எண்ணிக் கூட்டி வருவேன். தண்டவாளத்தில் சின்னப் பிள்ளைகள் என் கையைப் பிடிப்பார்கள். தவமணி பிடிக்க மாட்டாள். வரிசையில் கடைசியாக வருவாள்.

1985 ஆடி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். அகதிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து எப்படிப் படிக்க வைப்பது என்று. மூன்று சனிக்கிழமை. பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்தும் வந்தார்கள். பன்னிரண்டு பேர். சொல்லிக் கொடுக்கத் திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா வந்தார். வயதானவர். கண்ணாடி போட்டவர். முகாமிலிருந்து ஒருவர் வேண்டும் என்றார்கள். பகலில் சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான். கதவுப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அந்த அம்மா முதல் வேலையாக எல்லா வாத்தியார்களையும் ஒன்றாம் வகுப்பு மாதிரித் தரையில் உட்கார வைத்தார். தலைமையாசிரியர் கனத்த ஆள். முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

"எம்மா, உக்காந்துட்டேன். எந்திரிக்கதுக்கு ரெண்டு ஆளு வேணும்."

"பாத்துக்கிடுங்க சார். உக்காந்தா ஒண்ணாப்பு, எந்திரிச்சாத்தான் எச்செம்மு" என்றார் சண்முகத்தாய் டீச்சர். மூன்றாம் வகுப்பு டீச்சர். வாய்த்துடுக்கு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா சொன்னார்.

"பத்து வயசுப் பிள்ளைய நீங்க இப்படித்தான் உக்கார வச்சிருக்கிய. டி.சி. இல்லன்னு ஒண்ணாப்புல. அதுக்கு எப்படி இருக்கும்?"

சண்முகத்தாய் டீச்சர், "குறுக்கு வலிக்கி" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மறுவாரமே பிள்ளைகளை வயதைப் பார்த்து மாற்றினார்கள். தவமணி மூன்றாம் வகுப்புக்குப் போனாள். ஒரு பெஞ்சில் ஒரு முகாம் பிள்ளை, ஒரு உள்ளூர்ப் பிள்ளை என்று உட்கார வைத்தார்கள். லாரி போனால் சில பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிடும். முன்பு அதற்கு அடி விழும். அப்போது தொட்டு இழுக்கக் கூடாது, தானாக வெளியே வரும்வரை பாடத்தை மெதுவாக நடத்த வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். அடி நின்றது. நல்ல காரியங்கள் நடந்தன. அதை மறைக்க மாட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை. சண்முகத்தாய் டீச்சர் வரவில்லை. திருவேங்கடத்தில் அவர் வீட்டுக் கல்யாணம். அந்த அம்மா ஒரு படிவம் கொடுத்தார். பிள்ளைக்கு ஒன்று. ஐந்து கேள்வி. நாலாவது கேள்வி இது. யாரைப் பிரிந்து வந்தாய், கடைசியாக எங்கே பார்த்தாய்.

"இத வகுப்புல வச்சுக் கேக்கக் கூடாது. தனியா கூப்பிடுங்க. கையில ஏதாவது வேலையக் குடுங்க. பூ கட்டச் சொல்லுங்க. குனிஞ்சு வேல பாத்துக்கிட்டே பேசிரும். ஊரு பேரு ஒண்ணு கிடைச்சாப் போதும். எழுதித் தேடிரலாம்."

ஊர் பேர் ஒன்று. தவமணியிடம் அது இருக்கிறது. அவள் வாய் திறந்தால் பசறை வரும். பசறைக்கு முன்னால் சங்கிலி வரும்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்க அந்தப் பிள்ளைகளோட வந்தவுக. இதக் கேக்கலாமா? பிள்ளைக தாங்குமா?"

பன்னிரண்டு இடத்தில் பதினொரு பேர். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்தவன். படித்தவர்கள் என்னிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. நான் எழுந்தேன்.

"கேக்காதீங்கம்மா. புள்ளைங்க கொஞ்சங் கொஞ்சமா மறந்துகிட்டு வருதுங்க. கேட்டா மறுபடி அழுவுங்க. விட்டுருங்க."

என் குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்கியது. அவர்கள் துக்கம் என்று நினைத்தார்கள்.

"பட்டவரு சொல்லுதாரு" என்றார் தலைமையாசிரியர். "அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போவுது?"

அந்த அம்மா யோசித்தார். பேனாவை மூடினார். திறந்தார். "கேட்டாத்தான சார் தேட முடியும்" என்றார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சரி. இப்போதைக்கு நாலாவத விட்டுருங்க" என்றார். பென்சில்கள் கோடு போட்டன. அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. சர். சர். சர்.

பத்தொன்பது படிவம் போயிற்று. பத்தொன்பதிலும் நாலாவது கேள்வி காலி.

1986 பங்குனி முதல் வாரம். சாயந்திரம் பிள்ளைகளைக் கூட்டிவரப் போயிருந்தேன். சண்முகத்தாய் டீச்சர் வாசலில் நிற்கிறார். கை முழுக்கப் பிச்சிப்பூ. முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, இங்கன வாரும்."

போனேன்.

"நாளைக்கு ஆண்டுவிழா. பூ கட்டிக்கிட்டு இருந்தோம். இந்தத் தவமணிக்குச் சடையப் பின்னிவிட்டேன். ஏட்டி, உங்க அம்மை ஒனக்கு எப்படிச் சடை போடுவான்னு சும்மாத்தான் கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல. மடமடன்னு சொல்லுதா. அம்மை சாகலையாம்லா. லாரிக்குப் பின்னால நின்னாளாம். பசறைன்னு ஒரு ஊராம். பெரியம்மை வீடாம். நீரும் அந்த வண்டியிலதான் இருந்தீராம். ஒமக்குத் தெரியுமா?"

சங்கிலியைப் பற்றி டீச்சர் கேட்கவில்லை. தவமணி அதைச் சொல்லவில்லை. மாமாவும் இருந்தாங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"தெரியும்" என்றேன்.

"தெரியுமா?"

"அவ கத்துனது எனக்கும் கேட்டுச்சு."

டீச்சர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. "போரும்" என்றார். "பிள்ளையளக் கூட்டிக்கிட்டுப் போரும்."

அன்றே டீச்சர் கடிதம் எழுதினார். பெரியம்மா பேர், தோட்டத்தின் பேர் எல்லாம் தவமணி சொன்னாள். ஒன்றையும் மறக்கவில்லை. மறந்துகொண்டு வருகிறார்கள் என்று நான்தான் சொன்னேன்.

சித்திரை பிறந்ததும் பதில் வந்தது. பெரியப்பா எழுதியிருந்தார். டீச்சர் முகாமுக்கு வந்து தவமணிக்கு வாசித்தார். நான் சேலை மறைப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன். முத்தம்மா அன்று பள்ளத்தில் இறங்கி, காட்டில் கிடந்து, மூன்றாம் நாள் மகனோடு பசறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். மகள் செத்திருப்பாள் என்று எல்லோரும் சொல்லியும் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் பேருக்குப் படையல் வைக்க விடவில்லை. போன மாசியில் காய்ச்சல் வந்திருக்கிறது. நாலு நாள். இறந்துவிட்டாள். பையன் அவர்களோடு இருக்கிறான்.

தவமணி அழுத சத்தம் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"தம்பிக்கு இப்ப ஏழு வயசா டீச்சர்?"

மறுநாள் காலை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பிள்ளைகளை நிறுத்தினேன். கடைசியில் நின்ற தவமணியிடம் போனேன். எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"சங்கிலிய மாட்டுனது நான்தாம்மா."

"தெரியும்" என்றாள். பிறகு என் பின்னால் பார்த்துக் கத்தினாள். "ரயிலு வருது மாமா! தள்ளி நில்லுங்க!"

ரயில் போயிற்று. அவள் பிள்ளைகளோடு கடந்து போனாள்.

அந்த ஆடியில் மறுபடி பயிற்சி நடந்தது. அதே அம்மா. அதே அறை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். லாரி. பலகை. காலடியில் இருந்த இடம். பசறை. போன வருஷம் நான் சொன்னது பிள்ளைகளுக்காக இல்லை, எனக்காக என்பது. சொல்லி முடிக்க நேரம் ஆயிற்று. எனக்குக் கோர்வையாகப் பேச வராது.

தலைமையாசிரியர் மெதுவாகச் சொன்னார். "அந்த நேரத்துல யாரா இருந்தாலும்..."

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றேன். "கேளுங்க. ஒவ்வொரு புள்ளகிட்டயும் கேளுங்க. என்னை மாதிரி ஆளு வந்து வேணாம்னு சொன்னாலும் கேளுங்க."

அந்த அம்மா பையிலிருந்து படிவக் கட்டை எடுத்து வாத்தியார்களுக்குக் கொடுத்தார்.

கேட்டார்கள். பத்தொன்பது பிள்ளைகளில் ஏழு பேரிடம் ஊர் பேர் இருந்தது. ஒரு வருஷம் முன்னாலேயே இருந்திருக்கிறது. ஏழு கடிதம் போயிற்று. மூன்றுக்குப் பதில் வந்தது. ஒரு தகப்பன் உயிரோடு இருந்தார். ஓர் அக்கா உயிரோடு இருந்தாள். மூன்றாவது கடிதத்தில், நீங்கள் தேடுகிறவர்கள் போன ஐப்பசி வரை இங்கே இருந்தார்கள், இப்போது எங்கே என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தது. நாலு கடிதத்துக்குப் பதிலே இல்லை.

இது 1988. என் கணக்கை எழுதுகிறேன்.

லயத்தில் பன்னிரண்டு அறை. பன்னிரண்டும் எரிந்தன. அண்ணன் கருப்பையா. ஐம்பது வயது. வாசலைத் தாண்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏழாவது அறையில் புருஷனும் பெண்டாட்டியும். பதினோராவது அறையில் பிரசவமாகி எட்டு நாள் ஆன பெண்ணும் அவள் பிள்ளையும். பிள்ளைக்குப் பேர் வைக்கவில்லை. மொத்தம் ஐந்து பேர். இவர்களைக் கொன்றது அந்தக் கூட்டம்.

ஐப்பசி வரை இருந்து, பிறகு எங்கே என்று தெரியாத ஒரு தாயும் தகப்பனும். பதில் வராத நாலு வீடு. இவர்கள் யார் கணக்கு என்று எனக்கு முழுதாகத் தெரியாது. பாதிக்கு மேல் என் கணக்கு என்று நினைக்கிறேன்.

முத்தம்மா. முப்பது வயது. நான் கேட்காதீர்கள் என்று சொன்னது ஆடியில். அவள் இறந்தது மாசியில். நடுவே ஏழு மாதம். பசறைக்கு ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஐந்து வாரம்.

அவளைக் கூட்டத்தின் கணக்கில் எழுத மாட்டேன்.