முத்து வெள்ளை

மன்னாரில் ஒரு கலியாணத்தை அழகாக நடத்த நினைப்பவருக்கு முதல் தொல்லை கழுதைகள்தான், சேர். நீங்கள் மாற்றலாகி வந்து அதிக காலம் ஆகவில்லை என்றபடியால் சொல்கிறேன். நுவரெலியாவிலிருந்து பூ இறக்கி, வாசலில் வளைவு கட்டி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் வளைவின் கீழ்ப்பாதி இருக்காது. கழுதை ஒன்று பக்கத்தில் நின்று மென்றுகொண்டிருக்கும். துரத்தினாலும் அவசரப்படாது.

அதற்கு அடுத்த தொல்லை சொந்தக்காரர்.

என் பெயர் அன்ரோனெற். கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் வைபவப் பகுதியில் வேலை செய்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பி உப்புக்குளத்தில் என் கடையைத் திறந்தேன். அப்போது இங்கே கலியாணம் என்றால் சோறு போட்டு அனுப்புவதுதான். ஊதா, பச்சை, மஞ்சள் என்று வாடகைக் கதிரைகள். மின்மினி பல்பு சுற்றிய கேக். மேடையின் பின்னால் மணமக்களின் பெயர், அதுவும் எழுத்துப் பிழையோடு. நான் அந்தச் சனத்தைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

என் முறை வேறு. மணமக்களோடு ஒரு நாள் முழுக்க இருந்து பேசுவேன். அவர்கள் சந்தித்த இடம், பிடித்த மணம், சிறுவயதுப் பயம் எல்லாம் கேட்பேன். "உங்கட அன்பை ஒரு நிறமாச் சொன்னா என்ன நிறம்?" என்று கடைசியாகக் கேட்பேன். தோட்டவெளிப் பொடியன் ஒருவன் நெடுநேரம் யோசித்து, "சாப்பாட்டுக்கு முதலோ பிறகோ, மிஸ்?" என்று கேட்டான். அப்படிப்பட்டவர்களுக்கும் நான் ஒரு நிறம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பெற்றிசியாவுக்கு நான் கண்டுபிடித்தது முத்து வெள்ளை. நீங்கள் இதைச் சிங்களத்தில் எழுதும்போது தயவுசெய்து வெறும் வெள்ளை என்று எழுதவேண்டாம். இரண்டும் ஒன்றல்ல.

அவள் அரிப்பு என்ற ஊர்ப் பிள்ளை. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளை ரொறன்ரோவில் வளர்ந்தவர். மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் விமானம் ஏறி வந்தார்கள். முத்துக் குளித்த கரையில் பிறந்த பெண். வேறு என்ன கருப்பொருள் வேண்டும்? தோட்டவெளியில் கடலைப் பார்த்த ஒரு காணி எடுத்தேன். கதிரை, மேசைவிரிப்பு, பூ, விருந்தாளிகளின் உடுப்பு, எல்லாம் அந்த ஒரே நிறம். கேக் வெட்டும் நேரத்தில் ஐஸில் செதுக்கிய ஆளுயரச் சிப்பி ஒன்று வெளியே வரவேண்டும். கொழும்பில் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்தேன். மன்னார் வெயிலில் அதைக் காப்பாற்ற, மீன் ஏற்றும் வஸீரின் கூலர் லொறியை வாடகைக்குப் பிடித்தேன். உள்ளே ஐஸ் இறுகிக் கிடக்கும் அளவுக்குக் குளிர் வைக்கலாம்.

வஸீர் நல்ல பொடியன். லொறியைத் தரும்போதே சொன்னான். "உள்பக்கத்துக் கொண்டி உடைஞ்சு கிடக்கு மிஸ். கதவைச் சாத்தினா உள்ளுக்கிருந்து திறக்கேலாது. ஆக்கள் ஏறேக்க கவனம்."

நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

பெற்றிசியாவின் தகப்பன் அமிர்தநாயகத்தைப் பற்றி ஊரில் நல்லதாகத்தான் சொல்வார்கள். நானும் அதை மறுக்கவில்லை. அவருடைய மனுசி மாக்கிறட், தொண்ணூறாம் ஆண்டு இந்தியாவுக்குப் போன வள்ளம் ஒன்று கவிழ்ந்ததில் கடலோடு போய்விட்டா. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீந்திக் கரை சேர்ந்தவர் இவர். பிறகு கலியாணம் கட்டவில்லை. வலை இழுத்தே பிள்ளையை வளர்த்தார். ஷெல் துண்டு பட்டு இடப்பக்கக் கன்னம் உள்ளே இழுத்துப்போய் இருந்தது. அதற்கு நான் வழி வைத்திருந்தேன். வலப்பக்கத்தில் மட்டும் நின்று படம் எடுக்கும்படி கமெராக்காரருக்குச் சொல்லியிருந்தேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"எனக்கு என்ன வேலை, பிள்ளை?"

"உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை, ஐயா. ஆறுதலா இருங்கோ."

"ஒரு தேப்பன் சும்மா இருக்கேலுமே?" என்றார். பிறகு மெதுவாக, "நான் ஒரு அம்பா பாடட்டோ? கரைவலை இழுக்கேக்க பாடுறது. பெற்றிசியாவின்ர தாய் விரும்பிக் கேக்கிறவ."

அம்பாப் பாட்டை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள், சேர். ஒருவர் கத்த, மற்றவர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு திருப்பிக் கத்துவது. நான் ஒரு வயலின்காரரையும் ஒரு சக்ஸபோன்காரரையும் ஒழுங்கு செய்திருந்தேன். பாடலாம் என்றும் நான் சொல்லவில்லை, பாடவேண்டாம் என்றும் சொல்லவில்லை. யாரையும் நோகடிப்பது என் வழக்கமில்லை.

காலையில் அரிப்பு வேதக் கோயிலில் கலியாணப் பூசை நன்றாக நடந்தது. பின்னேரம் தோட்டவெளிக் காணிக்குள் நான் கால் வைத்தபோது முதல் மேசையைப் பார்த்தேன். வெள்ளைக் கதிரைகளின் நடுவில் ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை. அதன் மேல் மாக்கிறட்டின் படம். படத்துக்குக் கனகாம்பர மாலை.

எடுத்துச் சமையல் கூடாரத்துக் குசினிப் பக்கம் வைத்தேன். திரும்பி வரும்போது அது பழைய இடத்தில் இருந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடி வந்தது. அமிர்தநாயகம் ஒளித்து ஒன்றும் செய்யவில்லை. என் கண் முன்னாலேயே தூக்கி வந்து வைத்தார்.

"ஐயா, இந்தக் கதிரை நிறத்துக்கு ஒத்துவராது."

"அது அவ இருக்கிற கதிரை, பிள்ளை. அவ போன பிறகு முகாமில தந்தது, அண்டைக்கிருந்து அவட படம் இதிலதான். எங்கட வீட்டில முதல் வந்த கதிரை."

"படத்தை மட்டும் வெள்ளைக் கதிரையில வைப்பம்."

"அவ வெள்ளையில இருக்கமாட்டா," என்று சொல்லிவிட்டு, பாட்டைப் பற்றித் தொடங்கினார். கேக் வெட்ட முதல் பாடுவதாம். அரிப்பிலிருந்து வந்த ஆட்களுக்கும் சொல்லிவிட்டாராம், அவர்கள் திருப்பிப் பாடுவார்களாம்.

பெற்றிசியாவிடம் போய்ச் சொன்னேன். கண்ணுக்கு மை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா பாடட்டும் அக்கா," என்றாள்.

"நீங்கள் அழுவீங்கள் பெற்றிசியா. மை கரையும்."

"கரைஞ்சா என்ன?"

மணப்பெண்கள் அந்த நேரத்தில் சொல்வதை அப்படியே எடுக்கக்கூடாது. படம் கைக்கு வந்த பிறகு இதே பிள்ளைகள்தான் வந்து என்னைக் கேட்பார்கள். அவள் உண்மையில் எதை விரும்புகிறாள் என்பது அவளைவிட எனக்குத் தெரியும். அதற்காகத்தானே என்னைக் கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நேர்மையாகச் சொன்னால் அது நல்ல எண்ணமாகத்தான் தோன்றியது. அவர் வேலை கேட்டார். நான் அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன்.

"ஐயா, ஒரு விசயம். பெற்றிசியாவுக்குச் சொல்லக்கூடாது. ஐஸ் சிப்பி வெளியில வரேக்க அதோட நீங்கள்தான் வரப்போறீங்கள். வந்து பாடுறீங்கள். அதுதான் கடைசி நிகழ்ச்சி."

அவர் இன்னும் கிட்ட வந்தார்.

"பாடவுமோ?"

"ஓம் ஐயா."

"இவவையும் கொண்டு வரட்டோ?" கதிரையைக் காட்டினார்.

"கொண்டு வாங்கோ."

புறங்கையால் முகத்தைத் துடைத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கதிரையைத் தோளில் வைத்து, படத்தைக் கையில் பிடித்தபடி என் பின்னால் வந்தார். லொறி சமையல் கூடாரத்துக்குப் பின்னால், இயந்திரம் ஓடியபடி நின்றது. அவராகவே ஏறினார். சிப்பிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அதில் தான் இருந்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"குளிரும் ஐயா."

"கடலில விடிய விடிய விறைச்சுக் கிடந்தனான், பிள்ளை. இது என்ன."

"நான் வந்து கூப்பிடுவன்."

"ஆறுதலா வாங்கோ. நான் எங்க போறன்."

கதவைச் சாத்திப் பூட்டினேன். பூட்டின் திறப்பு என் இடுப்பில் இருந்தது. அவருடைய கைத்தொலைபேசியும் என்னிடம்தான். சட்டைப் பொக்கற் புடைத்துத் தெரியும் என்று காலையிலேயே வாங்கி வைத்திருந்தேன்.

முதல் மேசை இப்போது எப்படி இருந்தது என்று நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ட்ரோன் கமெரா மேலே போனபோது கீழே ஒரு நிறம்தான். கடல்கூட ஒத்துழைத்தது.

மணமக்கள் உள்ளே வந்தார்கள். பெற்றிசியா சுற்றிப் பார்த்தாள்.

"அப்பா எங்க அக்கா?"

"களைச்சுப்போனார். கொஞ்சம் படுக்கவேணும் எண்டார். வீட்டை அனுப்பிட்டன்."

"எனக்குச் சொல்லாமலோ?"

"உங்கட நாளைக் குழப்பக்கூடாது எண்டவர்."

அவள் முகம் வாடியது. ஆனால் வாடிய முகமும் அந்த வெளிச்சத்தில் அழகாகத்தான் விழுந்தது. தகப்பன் பேசவேண்டிய இடத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாவை எழுப்பிவிட்டேன். உயரமான மனிதர், நரை மயிர், வங்கியில் பெரிய பதவி. பெற்றிசியாவை அவர் அன்றைக்குத்தான் கண்டார். ஆனாலும் அவளுடைய சிறுவயதைப் பற்றி மிகவும் உருக்கமாகப் பேசினார்.

அந்த நேரத்தில்தான் தட்டும் சத்தம் கேட்டது. சத்தமாக இல்லை. ஒரு வீட்டுக் கதவை மரியாதையாகத் தட்டுவதுபோல. நான் குசினிப் பக்கம் நின்றபடியால் கேட்டது. ஒலிபெருக்கிக்காரரிடம் போய், பேச்சுக்குப் பின்னால் மெல்லியதாக வயலின் ஓடட்டும் என்றேன். பிறகு, இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னேன்.

வஸீர் வந்தான். "மிஸ், திறப்பைத் தாங்கோ. சிப்பியை இறக்கோணும். ஆக்கள் நிக்கினம்."

"சிப்பி வேண்டாம், வஸீர்."

"வேண்டாமோ? கொழும்பில இருந்தெல்லோ கொண்டு வந்தது."

"நேரம் போட்டுது."

"உள்ளுக்கு என்னவோ சத்தம் கேட்டது, மிஸ்."

"கொம்பிறசர்," என்றேன். அவனுக்கு அந்த இயந்திரம் என்னைவிட நன்றாகத் தெரியும். என்றாலும் நான் சொன்னால் கேட்கிற பொடியன். அவனைத் தயவுசெய்து தொந்தரவு செய்யவேண்டாம், சேர். அவனுக்கு நாலு பிள்ளைகள்.

அந்தச் சிப்பியை ஒரு விருந்தாளியும் காணவில்லை. அதைச் செதுக்கிக் கொண்டுவர நான் பட்ட பாட்டைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அந்தக் கலியாணத்துக்காக நானும் ஒன்றை இழந்திருக்கிறேன் என்பதைப் பதிவுசெய்யவேண்டும்.

கேக் வெட்டினார்கள். ஆடினார்கள். மணமக்கள் காரில் ஏறி ஹோட்டலுக்குப் போனார்கள். ஏறும்போது பெற்றிசியா, "காலமை அப்பாவிட்டப் போவம்," என்று மாப்பிள்ளைக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. மறுநாள் காலையில் வஸீர் மீன் ஏற்றப் பேசாலைக்குப் போகவேண்டும் என்று திறப்புக் கேட்டான். கொடுத்தேன். அவன் கண்டதை உங்களுக்குச் சொல்லியிருப்பான். அமிர்தநாயகம் கதிரையில் நேராக இருந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருந்தது. தன்னுடைய சால்வையைக் கழற்றி மடியிலிருந்த படத்தைச் சுற்றியிருந்தார்.

செத்தவீட்டு அலங்காரமும் நான்தான் செய்தேன். அவர் தானாக ஏறி உள்ளே அகப்பட்டுப் போனார் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். பெற்றிசியா என் தோளில் விழுந்து அழுதாள். மீதியாக இருந்த பூ சவப்பெட்டிக்கும் கோயிலுக்கும் போதுமாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும், இவ்வளவு அடக்கமான செத்தவீட்டைத் தாங்கள் கண்டதில்லை என்றார்கள். இரண்டு பேர் என்னுடைய நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நேற்று எழுதிய வாக்குமூலத்தில், அவர் உள்ளே இருப்பதை வேலைப் பரபரப்பில் மறந்துபோனேன் என்று சொல்லியிருந்தேன். சட்டத்தரணி அப்படிச் சொல்லச் சொன்னார். இரவு முழுக்க அதுதான் என்னை உறுத்தியது. நான் ஒரு வைபவத்திலும் ஒன்றையும் மறந்தவள் இல்லை. நாளைக்குப் பத்திரிகையில் அப்படி வந்தால் என் தொழில் என்னாவது? ஆகவே அதை வெட்டிவிட்டு இதை எழுதுங்கள்.

நான் கதவைத் திறந்தேன். சித்தப்பாவின் பேச்சு முடியும் நேரம். அவரை இறக்கிவிடுவோம் என்றுதான் போனேன், அதையும் எழுதுங்கள். அவருக்கு உயிர் இருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. எழும்பப் பார்த்தார், கால் வரவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, படத்தைச் சரியாகத் தூக்கிப் பிடித்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பவோ, பிள்ளை?"

நான் திரும்பிப் பார்த்தேன். சூரியன் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மேசைகள், பூ, மனிதர், எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. சனம் எழும்பி நின்று கைதட்டியது. அப்படி ஒரு படம் என் வாழ்க்கையில் இனிக் கிடைக்காது. அதற்குள் ஒரு சிவப்புக் கதிரை.

"இன்னும் கொஞ்சம், ஐயா," என்றேன்.

"சரி பிள்ளை," என்றார். தலையாட்டினார். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். அதற்குப் பிறகு தட்டும் சத்தம் கேட்கவில்லை.

அவர் கோபப்படவில்லை, சேர். அதை நீங்கள் கட்டாயம் எழுதவேண்டும். கடைசியில் அவருக்கும் என் ஒழுங்கு பிடித்துப்போயிற்று என்றுதான் நான் நினைக்கிறேன்.