சட்டியின் அடியில் ஒன்றுமில்லை

— இந்த ஒரு சொம்புத் தண்ணிக்கு அவிய கேக்கற வெலை, என்ற மவ தெய்வாத்தா. அதனாலதான் காச்சிப் பாத்தனுங்க, நஞ்சப்பண்ணா. வேற ஒரு குத்தமும் பண்ணிப்போடலை.

— ஏனுங் பாவாத்தாக்கா, மாப்பிள்ளை ஊட்டுக்குப் போறவிய ஊட்டைப் பாப்பாங்க, கட்டுத்தரையில மாட்டைப் பாப்பாங்க. நீங்க சாமிக்கு ஊத்தோணும்னு சொல்லி அவிய கெணத்துத் தண்ணியைச் சொம்புல வாங்கியாந்து, அதைச் சட்டியில ஊத்தி அடுப்பு மூட்டியிருக்கீங்க. மாப்பிள்ளையைப் பெத்த பொங்கியண்ணக் கவுண்டரு காதுல உழுந்தா, தரகன் நான், என்ற மூஞ்சியை எங்க கொண்டு வெக்கறது?

— ரெண்டு பக்கமும் தரகு வாங்கற ஆளுக்கு மூஞ்சி ரெண்டு இருக்குமுங்க. ஒண்ணு போனா ஒண்ணு. நீங்க கண்ணபுரம் சந்தையில மாடு புடிக்கறப்பப் பல்லைப் புடிச்சுப் பாக்கறீங்கள்ல? நான் பொண்ணு குடுக்கறப்பத் தண்ணியைப் பாக்கறேன். உப்புத் தண்ணி ஊருன்னா, நல்ல தண்ணிக்கு ரெண்டு மைலு கொடத்தைத் தூக்கிக்கிட்டு நடக்கோணும். அந்தக் கழுத்தொடிசலு என்னோட போகட்டும்.

— தண்ணி கண்ணாடியாட்ட இருந்துச்சுங்களே. நானுந்தான் பாத்தேன்.

— ஒரு கை உப்பை அள்ளித் தண்ணியில போட்டுக் கலக்குங்க. பொறவு அந்த உப்பு எங்க இருக்குதுன்னு காட்டுங்க பாக்கலாம். மண்ணுன்னா அடியில தங்கும், வடிச்சாத் துணியில நிக்கும். கரைஞ்சது நிக்காதுங்க. தண்ணியோட ஒட்டுக்கா எறங்கிப்போகும். பொய்யும் அப்படித்தான். நல்லாக் கலக்கத் தெரிஞ்ச ஆளு கையில கரைஞ்சா, கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

— என்னையச் சொல்றீங்களா?

— இங்க வேற ஆரு இருக்காங்க?

— சரி, இருக்கட்டுமுங்க. உப்புத் தண்ணின்னா வாயில வெச்சதுமே கரிக்கோணும். கரிக்கலையே?

— சித்திரை வெயில்ல மூணு மணி நேரம் வண்டியில குலுங்கிப் போயி எறங்குனவளுக்கு எந்தத் தண்ணியும் பானகந்தான். நாக்கு ஏமாறுமுங்க, அடுப்பு ஏமாறாது. ஆவியாப் போறது வெறுந்தண்ணி மட்டும். கரைஞ்சு கெடந்தது போறதுக்கு வழி தெரியாமச் சட்டியிலயே குந்திக்கும்.

— குந்தியிருந்துச்சுங்களா?

— இல்லீங்.

— இல்லையா?

— ஒரு பொட்டு இல்லை. வெரலை உட்டுத் தடவிப் பாத்தேன். கழுவித் தொடச்சு வெச்சாப்பல இருந்துச்சு.

— அப்பறம் எதுக்குங்க என்ற உசுரை இத்தனை நேரம் எடுத்தீங்க? நல்ல தண்ணின்னு நீங்களே சொல்லிப்போட்டீங்க. வார வெள்ளிக்கெழமையே தட்டு மாத்திக்கலாம். நான் வாரேனுங்க.

— உக்காருங்க. துண்டை உதறாதீங்க. அங்கதான் அவிய கோட்டை உட்டாங்க. நம்ம பக்கத்துக் கெணறுன்னா பாறையிடுக்குல, சுண்ணாம்புக் கல்லுல ஊறி வாரது. எத்தனை தித்திப்பான தண்ணியா இருந்தாலும் வத்தக் காச்சுனாத் துண்ணூறு பூசுனாப்பல ஒரு திட்டு நிக்கும். திட்டே இல்லைன்னா அது மண்ணுல ஊறாத தண்ணி. மழைத் தண்ணி, இல்லாட்டி மலைத் தண்ணி. மழை பேஞ்சு அஞ்சு மாசமாச்சு. கோயமுத்தூர் டவுனுக்குக் கொழாயில வருதே சிறுவாணி, அது பொங்கியண்ணக் கவுண்டரு கெணத்துல எப்படீங்க ஊறுச்சு?

— அக்கா, ஒரு சட்டியை நம்பி...

— சட்டி மட்டுமில்லீங்க. பந்தியில பருப்பு பல்லுல கல்லாட்ட உருண்டுச்சு. உப்புத் தண்ணியில பருப்பு எங்க வேகும்? கை கழுவச் சோப்பு குடுத்தாங்க. அரை வில்லை தேஞ்சுது, நொரையைக் காணோம். குடிக்க டவுன் தண்ணி, சமைக்க ஊர்த் தண்ணி. பொய் சொல்றதுலகூடச் சிக்கனம் பாத்திருக்காங்க. அந்தச் சொம்புல ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் குடுத்திருந்தா நான் ஏமாந்திருப்பேன்.

— பன்னெண்டு கொடமுங்க. வண்டியில ஏத்தி, மேல வைக்கோலைப் போட்டு மூடிக் கொண்டாந்தாங்க. வாயைத் தெறக்கப்படாதுன்னு என்றகிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டாங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுக்குங்க. இது ஒத்தைக் கண்ணாலம் இல்லை. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கற சம்பந்தம். நீங்க தெய்வாத்தாளைத் தரமாட்டேன்னா, அவிய மவ குழந்தையம்மாளை உங்க பையன் பாலுசாமிக்குத் தரமாட்டாங்க. பையனுக்கு முப்பது ஆகப்போகுது. மூணு எடம் வந்து பாத்துட்டுப் போனதோட சரி, ஒருத்தரும் திரும்பி வரலை.

— தெரியுமுங்க. பெத்தவ நாந்தானே.

— அப்ப அவியகிட்ட என்னன்னு போயிச் சொல்றது?

— நானும் அதைத்தான் ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

— யோசிங்க. அதுக்குள்ள ஒரு சந்தேகம், கோவிச்சுக்காதீங்க. நீங்க டவுனுக்குப் போயே பத்து வருசம் இருக்கும். சிறுவாணித் தண்ணியைக் காச்சுனா அடியில ஒண்ணும் நிக்காதுன்னு உங்களுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?

— போன மாசம் அவிய பாலுசாமியைப் பாக்க வந்தப்ப, நீங்களும் கூட வந்து ரெண்டு சொம்பு குடிச்சுப்போட்டுத் தேனாட்ட இருக்குதுன்னீங்களே, அது எந்தக் கெணத்துத் தண்ணின்னு நெனச்சீங்க? முந்தி வந்த மூணு எடமும் எங்க கெணத்துத் தண்ணியில வாய் கொப்புளிச்சதோட வண்டியேறுனவியதான். அதனால வண்டிக்கார பஷீருகிட்டப் பன்னெண்டு கொடம் சிறுவாணித் தண்ணி வாங்குனேன். அவன் என்னை ஏமாத்திப்போட்டானான்னு அரைச் சொம்பைக் காச்சிப் பாத்துட்டுத்தான் பந்தியில வெச்சேன். சம்மதம்னு சொல்லிப்போடுங்க, நஞ்சப்பண்ணா. அங்க பன்னெண்டு கொடம், இங்க பன்னெண்டு கொடம். என்ற மவ இங்க நடந்த ரெண்டு மைலை அங்க போயி நடப்பா. அவிய மவ அங்க நடந்ததை இங்க வந்து நடப்பா. கணக்கு நேர். சீர்வரிசையில மட்டும் ரெண்டு பொண்ணுகளுக்கும் தலைக்கு ஒரு சும்மாடு பாக்கி.